நகைத்தவன் மன்னன்!

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை நம் நாட்டில் அரிது. காலைத் தொட்டவன் தூண் என்றான், காதைத் தொட்டவன் முறம் என்றான், வால்நுனியைத் தொட்டவன் துடைப்பம் என்றான், வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று, கண்ணுடையான் ஒருவன் கண்டு நகைத்தான். கதை முடிந்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறார். 'நீதி' என்று எழுதி அடிக்கோடிடுகிறார். ஒவ்வொருவர் கூறுவதும் ஒவ்வொரு வகையில் உண்மையே என்று எழுதுகிறார். பிள்ளைகள் படியெடுக்கின்றனர். மணி அடிக்கிறது. பிறர் பார்வையையும் மதிக்கும் பண்பினைப் பிஞ்சு நெஞ்சங்களில் விதைத்துவிட்டோம் என்ற மனநிறைவோடு ஆசிரியர் அறைக்குத் திரும்புகிறார்.

விதைத்தாரா? விதைத்தது எதனை? ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்த நாளில் நாமும் இக்கதையை இவ்வாறே கூறியவர்கள்தாம். இந்த நீதியை இவ்வாறே எழுதி அடிக்கோடிட்டவர்கள்தாம். ஆகவே, பிறரைக் குறை கூறும் பெருமை நமக்கு வேண்டா. நாமே கையாண்ட கதையை நாமே ஆராய்வோம். திறனாய்வு என்பது பெருங்காப்பியங்களுக்கு மட்டும் உரியதன்று. காப்பியம் படிப்போர் சிலர். பாலர் வகுப்புக் கதை கேட்போர் எல்லோரும். எல்லோர் மனத்திலும் முதற்கோடு கிழிப்பது எதுவோ, அதனையே முதலில் ஆராய்தல் முறை.

யார் காட்டிய யானை?

இக்கதையின் பழைய வடிவங்களுள் ஒன்று உதானம் என்னும் பவுத்த நூலில் உள்ளது. அதனைத் தேடிப் படித்தபோது திடுக்கிட்டோம். நாம் வகுப்பில் சொல்லும் கதைக்கும் அதற்கும் அத்துணை வேறுபாடு!

அங்கே பார்வையற்றோர் தாமாக யானையைத் தேடிச் செல்லவில்லை. சாவத்தி நகரத்து மன்னன் ஆணையிடுகிறான். நகரிலுள்ள பிறவிக் குருடர் அனைவரும் ஓரிடத்தில் கூட்டப்படுகின்றனர். மன்னனின் ஆள் யானையைக் கொணர்கிறான். சிலருக்குத் தலையை மட்டும் காட்டுகிறான். சிலருக்குக் காதை மட்டும். சிலருக்குத் தந்தத்தை மட்டும். சிலருக்கு வாலை மட்டும். பிறகு மன்னன் வருகிறான். யானையைக் கண்டீர்களா, எப்படியிருந்தது என்று வினவுகிறான். தலையைத் தொட்டோர் குடம் என்கின்றனர். காதைத் தொட்டோர் முறம் என்கின்றனர். தந்தம் கொழு, துதிக்கை ஏர்க்கால், உடல் குதிர், கால் தூண், முதுகு உரல், வால் உலக்கை, வால்நுனி துடைப்பம்! அடிதடி மூள்கிறது. மன்னனோ மனமகிழ்கிறான்!

ஈண்டு ஒரு கணம் நில்லுங்கள், தோழர்களே! துதிக்கை தொட்டவனை வாலருகே செல்லவொட்டாமல் செய்தது எது? குருடா? அன்று, காட்டியவனின் ஏற்பாடு! ஆளுக்கோர் உறுப்பு என்று பங்கிட்டுக் கொடுத்தவன் ஒருவன்; பங்கிட ஆணையிட்டவன் மற்றொருவன்; அடித்துக்கொண்டவர்களோ அப்பாவிகள். இடம் மாறி நின்று தடவிப் பார்க்க அரை நாழிகை கொடுத்திருந்தால் யானை முழுவதும் அவர்தம் கைகளுக்குள் வந்திருக்கும். அவர்கள் கூறிய உவமைகளைப் பாருங்கள்: கொழு, ஏர்க்கால், குதிர், உரல், உலக்கை, முறம். அத்தனையும் உழைப்பவன் வீட்டுப் பொருள்கள். தாம் கையாண்ட பொருளைக் கொண்டு காணாத பொருளை அளக்க முயன்றனர். அறிவு நடக்கும் வழி அதுவே. அதிலே நகைப்பதற்கு என்ன உளது?

புத்தர் இக்கதையைக் கூறிய இடமும் வேறு. உலகம் நிலையானதா, நிலையற்றதா என்று மெய்ப்பிக்க முடியாதவற்றைப் பற்றிக் கடுஞ்சொற்களால் ஒருவரையொருவர் குத்திக்கொண்ட துறவியரைச் சுட்டிக்காட்டவே அவர் அதனைக் கூறினார். ஒரு பக்கம் மட்டும் கண்டு முழுதும் கண்டதாக முழங்குவோரைக் கடிந்தாரேயன்றி, எல்லோர் கூற்றும் உண்மையே என்று தீர்ப்பளித்தாரில்லை. 'எல்லாம் உண்மையே' என்னும் இனிப்புப் பூச்சு பின்னாளில் பூசப்பட்டது. அந்த இனிப்பால் இலாபம் யாருக்கு? பங்கிட்டுக் காட்டும் மன்னர்களுக்கு! 'சண்டை வேண்டா, உன் வாலும் உண்மை, அவன் தலையும் உண்மை, அவரவர் இடத்தில் அவரவர் இருங்கள்' என்பது எத்துணை வசதியான நீதி!

கண் கண்டதும் விரல் கண்டதும்

இன்னுமொரு குறை இக்கதைக்கு உண்டு. பார்வையற்றவனை அறியாமையின் சின்னமாக ஆக்கிவிட்டது. கதை கேட்கும் நாற்பது பிள்ளைகளிடையே பார்வையற்ற பிள்ளை ஒன்று அமர்ந்திருந்தால், அது என்ன எண்ணும்? பிறர் பார்வையைக் கற்பிக்கப் புறப்பட்ட கதை, அந்த ஒரு பிள்ளையின் பார்வையைக் கருதவே இல்லை. விரலால் உலகை அறிபவர் ஒரு பொருளை ஒரு பக்கம் தொட்டதோடு விட்டுவிடுவதில்லை. சுற்றிலும் தடவி முழு வடிவம் காண்பர். கண்ணுடையவர்கள் கண்ணுடையவர்களுக்காகப் புனைந்த குருடர்தாம் கதையில் உள்ளோர்.

கதைக்கு மாற்றாக வரலாறு ஒன்று உண்டு. பாரிஸ் நகரில் பார்வையற்ற சிறுவர்க்கெனப் பள்ளி நிறுவிய வாலந்தேன் அயுய் என்பார் நல்லவர். அவர்களும் படிக்க வேண்டும் என்று எண்ணியவர். கண்ணுடையோர் படிக்கும் எழுத்தின் அதே வடிவத்தைத் தாளில் புடைக்கச் செய்து, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். கண்ணுக்கு அது அழகிய எழுத்து. விரலுக்கோ வளைவும் நெளிவும் குழப்பமும்! அப்பள்ளியில் பயின்ற லூயி பிரெயில் என்னும் சிறுவன் 1824-இல், பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலுக்கேற்ற எழுத்து முறையை வகுத்தான். அந்தப் பள்ளியே அதனை உடனே ஏற்றதா? இல்லை. பிரெயில் 1852-இல் மறைந்தார். முறைப்படி ஏற்கப்பட்டது 1854-இல்! நல்லெண்ணம் இருந்தது, பரிவு இருந்தது, ஆயினும் விரலின் பக்கம் நின்று பார்க்கும் பயிற்சி இல்லை. பரிவு வேறு, பிறர் நின்ற இடத்தில் நின்று காணுதல் வேறு. இதனை எமது தொழிலில் உள்ளோர் நன்கு எண்ணவேண்டும்.

குழந்தையால் இயலுமா?

"இதெல்லாம் பெரியவர்களுக்கே வராதது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எங்ஙனம் வரும்?" என்று வினவுவோர் உண்டு. அவர்கள் பக்கத்திலும் ஒரு பேரறிஞர் நிற்கிறார். சுவிட்சர்லாந்து நாட்டு உளநூலறிஞர் பியாஜே, தம் துணையாளர் பேர்பல் இனெல்டருடன் ஓர் ஆய்வு நடத்தினார். மேசைமீது மூன்று மலைகளின் உருவம். ஒன்றின் உச்சியில் பனி, ஒன்றின்மேல் வீடு, ஒன்றின்மேல் சிலுவை. பிள்ளை ஒரு புறம் அமர்கிறது. பொம்மையொன்று வேறு புறம் வைக்கப்படுகிறது. பொம்மைக்கு மலைகள் எப்படித் தோன்றும் என்பதைப் படங்களுள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் தாம் காணும் காட்சியையே எடுத்துக்காட்டின. ஏழெட்டு வயதுக்குப் பிறகே விடை திருந்தலாயிற்று. குழந்தை தன்னையே நடுவாகக் கொண்டு உலகைக் காண்கிறது என்று பியாஜே முடிவு கட்டினார்.

பெரியவர் சொன்னார், பேரறிஞர் சொன்னார் என்று உலகம் அதோடு அமர்ந்துவிட்டதா? அறிவுலகில் அந்தப் பழக்கம் இல்லை. மார்ட்டின் இயூசு என்பார் அதே வினாவை வேறு வகையில் கேட்டுப் பார்த்தார். குறுக்கும் நெடுக்குமாக இரு சுவர்கள்; போலீஸ்காரப் பொம்மைகள் இரண்டு; அவற்றின் கண்ணில் படாமல் ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்க வேண்டும். மூன்றரை முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் பத்துக்கு ஒன்பது முறை சரியாக ஒளித்து வைத்தன! இதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டிய எடின்பரோ அறிஞர் மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் கூறிய கருத்து கூர்மையானது. ஒளிந்து விளையாடுவது எதற்கென்று பிள்ளைக்குத் தெரியும். மலைப் படத்தைத் தேர்ந்தெடுப்பது எதற்கென்று தெரியாது. குழந்தையின் பக்கம் நின்று வினாவை அமைத்தால், குழந்தையும் பிறர் பக்கம் நின்று விடை கூறுகிறது!

எண்ணிப் பாருங்கள்: பிறர் பார்வை காணத் தெரியாதது குழந்தைக்கு என்று எழுதி வைத்தோம். ஆனால், குழந்தையின் பார்வையைக் காணத் தவறியது யார்?

கண்ணால் காண்பது ஒருபுறமிருக்க, பிறர் மனத்தில் உள்ளதைக் காண்பது இன்னும் கடினம். 1983-இல் விம்மர், பெர்னர் என்னும் இருவர் ஒரு சிறு கதையால் இதனை ஆய்ந்தனர். மாக்சி என்னும் சிறுவன் நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு விளையாடச் செல்கிறான். அவன் இல்லாதபோது தாய் அதனைப் பச்சை அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பச்சை அலமாரி என்றே கூறும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். நான்கு, ஐந்து வயதில் மெல்லமெல்ல ஒரு கதவு திறக்கிறது: 'எனக்குத் தெரியும், ஆனால் அவனுக்குத் தெரியாது, ஆகவே அவன் நீல அலமாரியைத்தான் திறப்பான்.' அந்தக் கதவு திறக்கும் பருவத்தில்தான் பிள்ளை நம் பள்ளிக்குள் நுழைகிறது. திறக்கும் கதவுக்கு முன்னே நாம் என்ன செய்கிறோம்? 'நீதி' என்று எழுதி அடிக்கோடிடுகிறோம்!

வடை சுட்டவள் எங்கே?

இரண்டாம் வகுப்பில் நாம் கண்டதொன்றைக் கூறுவோம். காகம், நரி, வடைக் கதை. பாட்டி வடை சுட்டாள், காகம் கவர்ந்து பறந்தது, நரி பாடச் சொன்னது, காகம் வாய் திறந்தது, வடை வீழ்ந்தது. புகழுரைக்கு மயங்காதே என்பது நீதி. கதை கூறி முடித்து, நீதிக்கு வந்துகொண்டிருந்தோம். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், பாட்டிக்கு அந்த வடைக் காசை யார் குடுப்பாங்க?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் புன்னகைத்தோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பிறகுதான் தெரிந்தது, அவளுடைய பாட்டி தெருமுனையில் வடை சுட்டு விற்பவர் என்று. "பத்து வடை வித்தாத்தான் சார் ஒரு வடைக் காசு கையில நிக்கும்" என்றாள், கணக்கு வாய்ப்பாட்டில் தடுமாறும் அதே சிறுமி!

திகைத்தோம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. காகம் ஏமாந்தது பற்றி இரங்குகிறோம். நரியின் சூழ்ச்சியை வியக்கிறோம். வடையைச் சுட்டவள் இரண்டாம் வரியிலேயே கதையை விட்டு மறைந்துவிடுகிறாள்! உழைத்தவள் மறைகிறாள், பறித்தவனும் பறித்தவனிடம் பறித்தவனும் கதைத்தலைவர்கள் ஆகின்றனர்! இதைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு நமக்கு உதவவில்லை. வடைச் சட்டிக்கு அருகே வளர்ந்த சிறுமியின் இடம் உதவிற்று.

அன்று நீதியை எழுதவில்லை. வகுப்பை மூன்றாகப் பிரித்தோம். பாட்டியாகச் சிலர், காகமாகச் சிலர், நரியாகச் சிலர் கதையைத் தாமே கூறினர். கூட்டில் குஞ்சு பசித்திருக்கிறது என்றது காகம். கேட்டிருந்தால் ஒன்று கொடுத்திருப்பேனே என்றாள் பாட்டி. கேட்டால் கல்லால் அடிப்பாய் என்றது காகம். நரியின் கட்சியினர்க்குத்தான் பேச்சு எளிதில் வரவில்லை! பின்னர் அணிகளை மாற்றினோம். காகமாயிருந்தவர் பாட்டியாயினர். சற்றுமுன் காகத்துக்காக வாதாடிய சிறுவன், பாட்டியான பிறகு, "குஞ்சு பசிச்சுது சரி, ஆனா என் பேரனுக்கும் பசிக்குமே" என்றான். முன்னைய கருத்தையும் மறக்கவில்லை. இன்னொன்றையும் அதனருகே வைத்துவிட்டான். அந்த 'சரி, ஆனா' என்னும் இரு சொற்களே ஆண்டு முழுதும் நாம் நடத்திய பாடங்களில் தலைசிறந்த விடை என்போம். இரண்டு பசிகளை ஒருங்கே மனத்தில் நிறுத்தத் தெரிந்த பிள்ளை நாளை நீதிபதியாகவும் தகும். நல்ல அண்டை வீட்டானாகவும் தகும்.

நம் வீட்டுக் குறை

"இது நமக்குப் புதிதா? ஏகலைவன் பக்கத்தை எடுத்துரைத்தவர்கள் நாமல்லவா? இராவணன் வாயைத் திறந்துவிட்டவர்கள் நாமல்லவா?" என்று இவ்வேட்டின் இளைஞர்கள் கேட்பர். உண்மை, மறுப்பாரில்லை. வென்றவன் ஏட்டில் தோற்றவன் பெயர் அரக்கன் என்றிருக்கும் என்பதை இந்நாட்டுக்கு உணர்த்தியது நம் இயக்கம். புலவர் குழந்தை இராவண காவியத்தை 1946-இல் வெளியிட்டார். 1948-இல் ஆட்சி அதற்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை நீங்கிற்று. மறுபக்கத்தைப் பாடிய குற்றத்திற்கு இருபத்துமூன்று ஆண்டுச் சிறை, ஒரு நூலுக்கு! 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் அண்ணா, இரக்கமற்றவன் என்று தீர்ப்பிடப்பட்ட இராவணனை மறுவிசாரணைக்கு நிறுத்தி, இரக்கம் என்னும் அளவுகோலால் மற்றவரையும் அளக்கச் செய்தார். எதிர்த்தரப்பை நீதிமன்றத்தில் பேசவிடும் அந்தக் கலை நம் உடைமை.

ஆயினும், நெஞ்சில் கை வைத்துக் கேட்போம். வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் அக்கலையைத்தான் கற்பிக்கிறோமா? அல்லது கட்சியை மட்டும் மாற்றித் தருகிறோமா?

ஏகலைவன் கதையை வைதிக ஆசிரியர் கூறுகிறார்: கட்டைவிரலைக் கேட்டார் குரு, கொடுத்தான் சீடன், நீதி, குருபக்தி. அதே கதையை நம் தோழர் கூறுகிறார்: கேட்டவன் வஞ்சகன், கொடுத்தவன் ஏமாளி, நீதி, வஞ்சகரை நம்பாதே. இரண்டாவது நீதியே நமக்கு உடன்பாடு, ஐயமில்லை. ஆனால், இரு வகுப்புகளிலும் பிள்ளை செய்த வேலை என்ன? கேட்டது, படியெடுத்தது, மணி அடித்ததும் ஓடியது! சீடனாயிருந்து விரலை இழந்தவன் கதையைக் கேட்டு, சீடனாகவே இருந்து வாயை இழந்தது பிள்ளை!

மாறாக, கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். விரலைக் கொடுத்த இரவு ஏகலைவன் தாய் என்ன நினைத்திருப்பாள்? தனக்கு நிகரில்லை என்னும் வாக்குக் காப்பாற்றப்பட்டபோது அருச்சுனன் உறங்கினானா? துரோணன் ஏன் அஞ்சினான். அவனுக்குச் சோறிட்டவர் யார்? அரண்மனைச் சோற்றுக்குக் கட்டுப்பட்ட ஆசிரியன் எதுவரை போவான் என்பது வரை பிள்ளைகளே வந்து சேர்வர். துரோணனைப் புரிந்துகொள்வதால் துரோணன் தப்பிவிடுவானோ என்று அஞ்ச வேண்டா. புரிந்துகொண்டபின் அவன் குற்றம் மிகுமேயன்றிக் குறையாது. தனி ஒருவன் பொல்லாங்கு என்று ஒதுக்கியிருந்தது ஓர் அமைப்பின் பொல்லாங்காகக் கண்முன் விரியும். வசைபாடுவதைவிடக் கூர்மையான கண்டனம் அது.

1943-இல் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியோடும் கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றிச் சொற்போர் நிகழ்த்தியபோது, எதிர்க்கருத்தினர் அதே மேடையில் அமர்ந்திருந்தனர். மக்கள் இருவரையும் கேட்டனர். தாம் கூறுவதாலேயே எதனையும் நம்பிவிடாமல் சொந்த அறிவால் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுமாறு கூட்டந்தோறும் வற்புறுத்தியவர் பெரியார். வள்ளுவரும் கேள்வி அதிகாரத்தை 42-ஆவதாக வைத்து, அறிவுடைமையை 43-ஆவதாக அதன் பின் வைத்தார். கேளாத அறிவு அறிவன்று. இந்த மரபுக்கு உரியோர், பிள்ளையிடம் மட்டும் முடிவை ஊட்டிவிட விரைவது ஏன்? நம் முடிவு மெய்யாயின், பிள்ளை தானே நடந்து அங்கே வந்து சேரும் என்ற துணிவு நமக்கு வேண்டாவா?

எல்லாம் பார்வைதானா?

இனி, எதிர்ப்பக்க ஐயம் ஒன்று எழும். "பல பார்வை, பல பார்வை என்கிறீர், அப்படியாயின் சாதிப்பித்தனுக்கும் ஒரு பார்வை, சோதிடனுக்கும் ஒரு பார்வை, எல்லாவற்றுக்கும் சம இடமா?" நல்ல கேள்வி. மழுப்பலுக்கு இங்கே இடமில்லை.

2019 டிசம்பர் 26 அன்று கதிரவ மறைப்பு நேர்ந்தது. கரூரிலும் திண்டுக்கல்லிலும் நின்று பார்த்தோர்க்குக் கதிரவன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. சென்னையில் பார்த்தோர்க்கு வளையம் இல்லை. கடித்தெடுத்த பணியாரம்போல் தெரிந்தது. இருவரும் கண்டது மெய். இது பார்வை வேறுபாடு. நின்ற இடம் வேறு, ஆகவே கண்ட காட்சி வேறு. இரு காட்சிகளையும் இணைத்துப் பார்த்தால் நிலவு சென்ற பாதை விளங்கும். ஆனால், பாம்பு வந்து விழுங்கிற்று என்பது எந்த ஊரில் நின்றாலும் தெரியாத காட்சி! அது பார்வையன்று, பிழை. விளக்கையும் பந்தையும் வைத்து வகுப்பறையிலேயே அதனைச் சோதித்துக் காட்டலாம்.

ஆயினும், பாம்புக்கதை சொன்ன பாட்டியைப் பிள்ளை எள்ளி நகையாடலாமா? கூடாது. பட்டப்பகலில் இருள் சூழ்ந்தால் அஞ்சாதிருக்க, பாட்டிக்கு யார் பள்ளிக்கூடம் கட்டித் தந்தார்? பாட்டியின் பிழையைத் திருத்துவதும், பாட்டி பிழைபட்ட காரணத்தை உணர்வதும் ஒருங்கே நிகழவேண்டும். பார்வையைப் புரிந்துகொள், கூற்றைச் சோதித்துப் பார், மனிதனை இழிவு செய்யாதே. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவன், ஒன்று எல்லாவற்றையும் ஏற்கும் கோழையாவான். அன்றி எல்லோரையும் ஏசும் வாய்வீரனாவான். பகுத்தறிவு இவ்விரண்டுமன்று.

சாதிப்பித்தனுக்கு விடையும் இதிலேயே உள்ளது. அவன் பார்வையைப் பிள்ளை அறியட்டும்; எங்கிருந்து வந்தது, எதனால் நிற்கிறது என்று ஆராயட்டும். ஆனால், அது ஒரே ஓரிடத்திலிருந்து மட்டும் அழகாகத் தெரியும் காட்சி. மேலேயிருந்து! கீழே நிற்பவன் இடத்திற்கு அவனை ஒரு நாள் மாற்றுங்கள். அந்தப் பார்வை ஒரு நாள் நிலைக்காது. எவ்விடத்தில் நின்று பார்த்தாலும் நியாயமாகத் தெரிவதே நியாயம். இடம் மாறினால் இடிந்து விழுவது ஆதிக்கம்.

தண்ணீர்க் குழாயருகே

இது வெறும் கதை வகுப்புச் சிக்கலன்று. அம்பேத்கர் தம் பள்ளி நாட்களை எழுதி வைத்துள்ளார். மற்றப் பிள்ளைகளோடு அமரக்கூடாது. தமக்கெனக் கோணித்துண்டு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, அதில் அமர்ந்து, மாலையில் சுருட்டி எடுத்துத் திரும்ப வேண்டும். பள்ளியைப் பெருக்கும் வேலையாளும் அந்தக் கோணியைத் தொடமாட்டார். விடாய் எடுத்தால் மற்றப் பிள்ளைகள் குழாயைத் திறந்து குடிப்பர். அவரோ குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் இல்லாத நேரம் நா வறண்டு இருக்கவேண்டியதுதான்.

இதனைப் பிள்ளைகளிடம் எப்படிக் கூறுவது? 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று படியெடுக்கச் சொல்லலாம். நூறு முறை எழுதச் சொல்லலாம். எழுதிய கையே வெளியே சென்று, குழாயடியில் வேறொரு பிள்ளையைத் தள்ளவும் கூடும்! அன்றி, அந்தக் குழாயருகே பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தலாம். நீ அந்தச் சிறுவன், சேவகர் வரவில்லை. நீ சேவகர், திறந்துவிடுவது உன் வேலை என்று உனக்குச் சொன்னவர் யார்? நீ அருகே நின்று தண்ணீர் குடித்த பிள்ளை. அவன் உன்னைப் பார்த்தான், நீ என்ன செய்தாய்? அந்த மூன்றாம் கேள்விக்கு வகுப்பில் அமைதி நிலவும். அந்த அமைதியே கல்வி.

அமெரிக்காவில் ஜேன் எலியட் என்னும் ஆசிரியை, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, தம் மூன்றாம் வகுப்பு வெள்ளையினப் பிள்ளைகளை விழி நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறத்தார் உயர்ந்தோர், மறு நிறத்தார் தாழ்ந்தோர் என்று நடத்தினார். பின்னர் மாற்றி நடத்தினார். உடன் விளையாடிய பிள்ளைகளே ஒருவரையொருவர் இழித்துரைத்தனர். உலகம் வியந்தது, பிஞ்சு மனங்களைப் புண்படுத்தலாமா என்று கண்டிக்கவும் செய்தது. அந்தக் கண்டனம் நமக்கும் உடன்பாடே. உணர்த்துவதற்காக ஒரு பிள்ளையை இழிவுக்கு உள்ளாக்க வேண்டியதில்லை. நம் வகுப்புகளிலோ அந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. இழிவை அறிந்த பிள்ளைகள் முன்னமே வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்க இடம் தந்தால் போதும். வடைக்காரப் பாட்டியின் பேத்தி வாய் திறந்ததுபோல!

இடம் மாற்றுவோம்!

பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. கதை கூறி முடித்ததும் நீதி எழுதும் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வையுங்கள். கதையில் பேசாதவர் யார் என்று கேளுங்கள். அவராக நின்று கதையைக் கூறச் சொல்லுங்கள். பிறகு இடம் மாற்றுங்கள். சண்டையிட்ட இரு பிள்ளைகள் வந்தால், தன் நியாயத்தைக் கூறுமுன் மற்றவன் நியாயத்தை அவன் ஒப்புமாறு எடுத்துக் கூற வேண்டும் என்பதைச் சட்டமாக்குங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும். மீதிச் சண்டை நியாயமான சண்டையாக நடக்கும். நீங்கள் தவறாகக் கூறிவிட்டதைப் பிள்ளை சுட்டிக்காட்டினால், தவறுதான் என்று வகுப்பறிய ஒப்புக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கும் ஒரு பக்கந்தான் தெரியும் என்று அறிந்த பிள்ளை, நாளை எந்த மன்னனுக்கும் மண்டியிடாது.

மீண்டும் அந்த யானையிடமே செல்வோம். இம்முறை கதையை இவ்வாறு முடிப்போம்: வாலைத் தொட்டவன் சண்டையை நிறுத்திவிட்டு, "நண்பா, நீ நிற்கும் இடத்தில் நான் சற்று நிற்கட்டுமா?" என்று கேட்டான். தூண் என்றவன் நகர்ந்து இடம் தந்தான். ஒருவர் கையை ஒருவர் பற்றி யானையைச் சுற்றி வந்தனர். குடமும் முறமும் ஏர்க்காலும் தூணும் சேர்ந்து ஒரே உயிராயின. பிறகு அவர்கள் மன்னன் பக்கம் திரும்பினர், ஒரே குரலில் கேட்டனர்: "யானையைக் கண்டுகொண்டோம். எங்களுக்குத் துண்டுதுண்டாய்க் காட்டிய உன்னையும் கண்டுகொண்டோம். இப்போது சொல்; நகைத்தாயே, எதற்காக?"

மன்னன் விடை கூறட்டும். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.